கடைசி நொடி வரிசை

அடுத்தவர் காரின் வரிசையைப் பார்ப்பது, அடுத்த வீட்டு அடுப்படிக்குள் நுழைந்து குழம்புச் சட்டியைத் திறந்து பார்ப்பது மாதிரி. சட்டம் தடுக்கவில்லை. ஆனால் நாலு பேரோடு முகம் கொடுத்துப் பழக வேண்டியவர்கள் யாரும் அதைச் செய்வதில்லை. கோரிமேட்டில் அந்த அடுக்ககத்தின் நாற்பத்தெட்டு குடும்பங்களில் ஒருவரும் அதுவரை செய்ததில்லை. செய்தவர்கள் வெளியே சொன்னதில்லை. மிருதுளா மட்டும் திங்கட்கிழமை காலையிலிருந்து பார்ப்பதா வேண்டாமா என்று செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள்.

காரணம், ஞாயிற்றுக்கிழமை வந்த செய்தி. வேறொரு மாவட்டத்தில், ஒரு மலைப்பாதையில், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பள்ளிக்குப் போன ஒருவரின் கார் லாரியில் மோதியது. அவருடைய மகளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் பிழைக்கவில்லை. மாலைக்குள் அந்தக் காரின் வரிசை எல்லார் தொலைபேசியிலும் சுற்றிவந்துவிட்டது. மகளின் பெயர் முதலில் இருந்தது. செத்துப்போன பிள்ளைகளுக்குப் பெயரே இல்லை. கடைசி இடத்தில் ‘மற்றவர்கள்’ என்று ஒரு சொல், அவ்வளவுதான்.

இந்த வரிசை என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். கார்களை ஓட்டுவது அப்போதும் மனிதர்கள்தான். ஆனால் மோதல் தப்பாது என்று வண்டிக்குத் தெரிந்துவிட்டால், கடைசி நொடியில் ஸ்டியரிங்கை அது தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். எந்தப் பக்கத்தை அடிக்குக் கொடுப்பது, எந்தப் பக்கத்தைக் காப்பாற்றுவது என்று அந்த ஒரு நொடிக்குள் தீர்மானித்துத் திருப்பும். யார் எந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியும். யார் முக்கியம் என்பதுதான் தெரியாது. அதை உரிமையாளர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

கார் வாங்கிய அன்று, எல்லாரும் சமம் என்று போடக் கூடாதா என்று மிருதுளா கேட்டாள். விற்பனைக்காரப் பையன் சிரிக்கவில்லை. இந்தக் கேள்வியைத் தினமும் கேட்டுச் சலித்தவன்.

“போட்டா படிவம் திரும்பி வந்துரும் மேடம். பேர் எழுதுற ரெண்டு பேருக்கு ஒரே நம்பர் குடுக்க முடியாது. நாளைக்கு கோர்ட்டுல யாராவது பதில் சொல்லணும்ல? கம்பெனி சொல்லாது. கார் சொல்லாது. நீங்கதான் சொல்லணும்.”

அவளும் கணவன் குமரேசனும் அங்கேயே நின்று, கையில் கரும்புச்சாறு டம்ளரோடு, ஐந்து நிமிடத்தில் நிரப்பினார்கள். முதலில் மகள் செவ்வந்தி. அதில் பேச்சே இல்லை. இரண்டாவது மிருதுளா, அம்மா இல்லாமல் பிள்ளை என்ன செய்யும் என்று குமரேசன்தான் வற்புறுத்தினான். மூன்றாவது அவன். நான்காவது ‘மற்றவர்கள்’. அன்றைக்கு அந்தச் சொல்லுக்கு முகம் கிடையாது.

ஜூன் மாதத்தில் முகம் வந்தது. ஏற்காட்டில் இருக்கும் பள்ளி, அடிவாரத்துப் பிள்ளைகளுக்கு விட்டிருந்த வேனை நிறுத்திவிட்டது. பெற்றோர்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு சுற்றறிக்கை. மேல்மாடி ரெஜினா அக்காவின் மகன் ஆல்வினும் செவ்வந்தியும் ஒரே வகுப்பு. ரெஜினாவுக்கு மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவில் வேலை. திங்கள், புதன், வெள்ளியில் காலை ஆறு மணிக்கே போக வேண்டும். அவர் கணவர் கப்பலில், வருடத்துக்கு இரண்டு மாதம்தான் வீடு. மிருதுளா ஜவ்வரிசி ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் இருந்தாள். குமரேசன் ஓசூரில், சனிக்கிழமை இரவுதான் வருவான். ஆக, அந்த மூன்று நாள் மிருதுளா, செவ்வாயும் வியாழனும் ரெஜினா என்று முடிவாயிற்று. ஒருவர் பிள்ளையை மற்றவர் ஏற்றிச் செல்ல இருவரும் தொலைபேசியில் ஒப்புதல் ரேகை வைத்தார்கள். அந்தப் பக்கத்தின் கீழே ‘வரிசை காண்க’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அதைத் தொட்டால் காரின் உரிமையாளருக்குத் தகவல் போய்விடும். மிருதுளா தொடவில்லை. தொடாமல் இருந்ததில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மூன்று மாதம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமைச் செய்தி வந்தது.

கிளம்பும்போதே பார் என்று சொல்லிவிட்டுப் போன குமரேசன், திங்கட்கிழமை இரண்டு முறை தொலைபேசியில் கேட்டான். ரெஜினா மலையில் பிறந்து வளர்ந்தவர், வளைவுகளில் வேகத்தைக் குறைக்கவே மாட்டார் என்று செவ்வந்தியே சொல்லியிருக்கிறாள். அப்படிப்பட்டவர் வண்டியில் பிள்ளை எத்தனையாவது என்றுகூடத் தெரியாமல் எப்படி ஏற்றிவிடுகிறாய் என்றான். பார்க்கமாட்டேன் என்று மிருதுளா சொல்லவில்லை. பார்க்கிறேன் என்றும் சொல்லவில்லை. நாளை செவ்வாய். ரெஜினாவின் முறை.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துவிட்டு, ஒரு வாய்கூட எடுக்காமல், பொத்தானைத் தொட்டுவிட்டாள்.

ஒன்று, செவ்வந்தி. இரண்டு, ஆல்வின். மூன்று, ரெஜினா.

அவள் திரும்பப் படித்தாள். ஏதோ தவறு என்று நினைத்து மூடித் திறந்தாள். போக்குவரத்து அலுவலக முத்திரை கீழே தெளிவாக இருந்தது. பதிவான நாள் ஜூன் மூன்று. தன் வயிற்றில் பிறந்தவனை இரண்டாவது இடத்தில் வைத்துவிட்டு, அடுத்த வீட்டுப் பிள்ளையை முதலில் வைத்திருந்தார் அந்த மனுஷி. மிருதுளாவுக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை ஒளிக்க வேண்டியதில்லை, பெற்றவளுக்கு அதுதான் முதலில் வரும். அந்த நிம்மதி அரை நிமிடம்கூட நிற்கவில்லை. தன் காரின் வரிசை ஞாபகம் வந்தது. அதில் ஆல்வினுக்குப் பெயரே இல்லை. குமரேசன் இல்லாத நாட்களில் காரில் இருப்பது மூன்று பேர். அந்த மூன்றில் அவன் மூன்றாவது. கரும்புச்சாறு குடித்துக்கொண்டே அவள் தனக்குக் கீழே வைத்த ‘மற்றவர்கள்’ அவன்தான்.

மறுநாள் மாலை ரெஜினா பிள்ளைகளை இறக்கிவிட்டு, கார் நிறுத்தும் இடத்திலேயே நின்றிருந்தார். தகவல் போயிருக்கும் என்று மிருதுளாவுக்குத் தெரியும். லிப்டுக்குள் ஓடி ஒளியலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

“பாத்தியாமே” என்றார் ரெஜினா. குரலில் கோபம் இல்லை.

மிருதுளா மன்னிப்புக் கேட்டாள். அவர் சொன்னார், இவர் சொன்னார், செய்தியைப் பார்த்துப் பயந்துவிட்டேன் என்று உளறினாள். பார்க்கத்தானே வைத்திருக்கிறார்கள், இதில் என்ன மன்னிப்பு என்றார் ரெஜினா. பிறகு, செவ்வந்தியின் தண்ணீர் பாட்டிலை நீட்டியபடி, “வீட்டுக்கு வந்த புள்ளைக்கு முதல்ல எடுத்து வெச்சுட்டுத்தானே நம்ம புள்ளைக்கு வெப்போம்” என்றார்.

உண்மைதான். மிருதுளா வீட்டில் ஆல்வின் சாப்பிட உட்கார்ந்தால், முதல் தோசை அவன் தட்டில்தான் விழும். செவ்வந்தி முறைத்தாலும் விழும். அதில் யாருக்கும் யோசனையே தேவைப்படாது.

ரெஜினா உடனே போகவில்லை. பாட்டிலைக் கொடுத்த பிறகும் ஏதோ ஒரு பதிலுக்குக் காத்திருப்பவர்போல நின்றார். நன்றிக்குக் காத்திருக்கிறார் என்று நினைத்து மிருதுளா நன்றி சொன்னாள். ரெஜினா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டிப் போய்விட்டார்.

அன்று மாலையே அவள் குமரேசனிடம் தொலைபேசியில் பேசினாள். கார் அவன் பெயரில் இருந்தது. வரிசையை மாற்ற அவன் கட்டைவிரல் ரேகை வேண்டும். ரெஜினாவின் வரிசையைச் சொன்னாள். அது அவர்கள் பெருந்தன்மை, அதற்காக நாம் நம் பிள்ளையை இறக்க முடியுமா என்றான். செவ்வந்தியைத் தொட வேண்டாம், என்னை மூன்றாவதாகப் போட்டு ஆல்வினை இரண்டாவதாகப் போடுங்கள் என்று அவள் கேட்டாள்.

“நீ இல்லாம அவளை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன், சொல்லு” என்றான் குமரேசன். குரல் உடைந்திருந்தது. அவனைத் திட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது.

புதன்கிழமை அவள் முறை. இருபது கொண்டை ஊசி வளைவுகள். மூன்று மாதமாகப் பாட்டுப் போட்டுக்கொண்டு ஏறிய பாதையில், அன்று ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியில் ஆல்வினையே பார்த்தாள். இடது பக்கப் பின் இருக்கையில் அவன் ஜன்னலில் ஆவி ஊதி மீன் வரைந்துகொண்டிருந்தான். அவளுக்குப் பின்னால், வலது பக்கத்தில், செவ்வந்தி. இத்தனை நாள் இது வெறும் இருக்கை. மேலே போய்ச் சேர்ந்தபோது பிளவுஸ் முதுகோடு ஒட்டியிருந்தது.

இப்படி வைத்துக்கொண்டு அடுத்தவர் உபகாரத்தை வாங்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. புத்தி எப்படி வேலை செய்தது பாருங்கள். தன் வரிசையை மாற்ற முடியாதவள், ரெஜினா காரில் மகளை ஏற்றாமல் இருந்துவிட்டால் கணக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தாள். வியாழக்கிழமை விடுப்புப் போட்டு, செவ்வந்திக்கு ஏற்காட்டில் ஒரு பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும், நானே கூட்டிப்போகிறேன் என்று செய்தி அனுப்பினாள். உலகத்திலேயே தன் மகளுக்கு முதல் இடம் கொடுத்திருந்த ஒரே வெளி ஆளின் காரை வேண்டாம் என்றாள். ரெஜினா, சரி என்று ஒற்றை வார்த்தையில் பதில் போட்டார்.

வெள்ளிக்கிழமை பனிமூட்டம்.

பதினான்காவது வளைவைத் தாண்டும்போது அது நடந்தது. மேலேயிருந்து சவுக்கு மரம் ஏற்றிய லாரி ஒன்று, ஹாரன்கூட அடிக்காமல், பாதையின் நடுவில் இறங்கி வந்தது. பனிக்குள்ளிருந்து முதலில் விளக்கு தெரிந்தது, உடனே முழு லாரியும் தெரிந்தது. மிருதுளா இடது பக்கம், மலைச் சுவரை நோக்கி ஒடித்தாள். எந்த ஓட்டுநரும் அப்படித்தான் ஒடிப்பார். ஸ்டியரிங் அவள் கையைப் பிடுங்கிக்கொண்டு வலது பக்கம் திரும்பியது. அவள் பலம்கொண்ட மட்டும் இழுத்தாள். அது அசையவில்லை. கார் பாதைக்குக் குறுக்கே திரும்பி, தன் இடது பக்கத்தை லாரிக்கு நேராகக் கொண்டுபோய் நீட்டியது.

லாரி நின்றது. எப்படி நின்றதோ, பிரேக் தேயும் வாடையோடு, ஆல்வினின் ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. ஸ்டியரிங் மறுபடி இலகுவாகி அவள் கைக்கு வந்தது. வண்டி ஒரு மணி ஒலித்து, ஆபத்து நீங்கியதாகப் பெண் குரலில் சொன்னது. லாரிக்காரர் இறங்கிவந்து கும்பிட்டார். அவர் என்ன சொன்னார் என்று அவள் காதில் விழவில்லை.

செவ்வந்தி அழுதாள். ஆல்வின் அழவில்லை. ஜன்னல் முழுக்க நின்ற லாரியின் முகப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். வெகுநேரம் கழித்து, “ஆன்ட்டி, காரு என் பக்கமாத் திரும்பிச்சு” என்றான்.

குற்றமாகச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னான். மிருதுளாவுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம்போல இருந்தது.

மாலையில் அவள் மேல்மாடிக்குப் போனாள். ரெஜினா பணி உடையைக்கூட மாற்றாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தார். ஆல்வின் உள்ளே தூங்கிவிட்டானாம். மிருதுளா உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தன் காரில் ஆல்வின் மூன்றாவது என்பதையும், குமரேசன் ரேகை வைக்க மறுத்ததையும், பல் மருத்துவர் பொய் என்பதையும். சொல்லி முடித்ததும் ரெஜினா எழுந்து அறைவார் என்றுகூட எதிர்பார்த்தாள்.

“தெரியும்” என்றார் ரெஜினா. “ஜூன் ரெண்டாந்தேதியே பாத்துட்டேன்.”

மிருதுளாவுக்குப் புரியவில்லை. தனக்குத் தகவல் எதுவும் வரவில்லையே என்றாள்.

“உனக்கு வராட்டி வண்டி யாரு பேருல இருக்குதோ அவருக்கு வந்திருக்கும். நான் பாத்தது உனக்குத் தெரியும்னுதான் மூணு மாசமா நெனச்சிட்டிருந்தேன். தெரிஞ்சும் என்னையப் பாத்துச் சிரிக்கிறாளே, எப்படி முடியுதுன்னு நெனப்பேன்.”

மிருதுளா உட்கார்ந்துவிட்டாள். அப்படியும் பிள்ளையை ஏன் அனுப்பினேன் என்பதை ரெஜினாவே சொன்னார். ஆறு மணிக்கு ஊசி ஏற்றக் காத்திருக்கும் பன்னிரண்டு நோயாளிகள். வேன் கிடையாது. வேறு யார் காரில் ஏற்றினாலும் அவன் ‘மற்றவர்கள்’தான். உன்னையாவது தெரியும், பார்த்து ஓட்டுவாய் என்று அனுப்பினேன் என்றார். அந்த மூன்று நாளும் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை, நோயாளியின் கையில் ஊசி குத்தும்போது தன் கை நடுங்காமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடு என்றார்.

“அப்புறம் எதுக்குக்கா செவ்வந்திய முதல்ல வெச்சீங்க?”

“வந்த புள்ளைக்கு முதல்லன்னு சொன்னது பொய் இல்ல. ஆனா அதுக்காக மட்டும் வெக்கல. நீ என்னைக்காவது பாப்பேன்னு வெச்சேன். பாத்தா மனசு கேக்காம மாத்திருவேன்னு வெச்சேன். வாயத் தொறந்து கேக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு. நீ பாக்கவே இல்ல. என்னைய நம்பிட்ட. அதுல வந்த வெனைதான் எல்லாம்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “செவ்வாக்கெழமை கீழ நின்னேனே, அப்பவாவது சொல்லுவேன்னு பாத்தேன். தேங்க்ஸ்னு சொன்ன.”

திங்கட்கிழமை முதல் ஆல்வினை அனுப்பப்போவதில்லை என்றார். வேலையை விட்டாலும் விடுவேன், அவனை இனி அந்தக் காரில் ஏற்றமாட்டேன். சண்டைக் குரலில் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார்.

படியிறங்கும்போதே மிருதுளா குமரேசனை அழைத்தாள். ஜூன் இரண்டாம் தேதி ஒரு தகவல் வந்ததா என்று மட்டும் கேட்டாள்.

“வந்துச்சு” என்றான். “சொன்னா நீ மாத்தச் சொல்லுவேன்னு சொல்லல.”

பதினாறு வருடம் கூட வாழ்ந்தவன். அவளை இவ்வளவு சரியாகப் புரிந்துவைத்திருந்தான். அந்தப் புரிதலை எதற்குப் பயன்படுத்தியிருக்கிறான் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இன்றைக்குக் கார் எந்தப் பக்கம் திரும்பியது தெரியுமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வரை அவள் யோசித்தாள். குமரேசன் வந்திருந்தான், பேசப் பார்த்தான், அவள் சாப்பாடு போட்டாள், பேசவில்லை. மாலையில் அவன் ஓசூருக்குக் கிளம்பியதும் மேல்மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினாள். வரிசை ஓட்டுபவருடையது இல்லை, காருடையது. என் நாட்களிலும் உங்கள் காரை எடுக்கிறேன், நீங்கள் மருத்துவமனைக்குப் பேருந்தில் போக முடியுமா என்று கேட்டாள். உன் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு எதுவும் செய்யமாட்டேன் என்பதுபோல ரெஜினா கதவில் சாய்ந்து நின்றார். அவர் யோசித்தது அந்த மூன்று நாட்களைப் பற்றி அல்ல, இவளிடம் மறுபடி பிள்ளையைக் கொடுப்பதா என்பதைப் பற்றி. அது மிருதுளாவுக்கும் தெரிந்தது.

கடைசியில் தொலைபேசியை எடுத்தார்.

“வண்டி தரேன். ஆனா ஆல்வின முதல்ல போடுவேன். செவ்வந்தி ரெண்டாவது. ஓட்டுறவங்க மூணாவது. ஒத்துக்கிறியா?”

விருந்தாளியின் இடம் கீழே போவதால், விருந்தாளியின் தாய் ரேகை வைக்க வேண்டும் என்று திரை கேட்டது. மிருதுளா கட்டைவிரலை நீட்டினாள். விரல் கண்ணாடிக்கு மேலே நின்றுவிட்டது. ஒரு பெயருக்குக் கீழே இன்னொரு பெயர். பெற்று எட்டு வருடம் வளர்த்த பெயர். ரெஜினா அவசரப்படுத்தவில்லை. மூன்று மாதம் காத்திருந்தவர், மூன்று நிமிடம் காத்திருக்கமாட்டாரா?

மிருதுளா ரேகை வைத்தாள்.

திங்கட்கிழமை காலை பனி அவ்வளவாக இல்லை. ரெஜினாவின் காரில் ஸ்டியரிங் கொஞ்சம் பெரிது, பிரேக் கொஞ்சம் கெட்டி. ஆல்வின் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து பெல்ட் மாட்டிக்கொண்டான். முதல் வளைவுக்கு முன்பே செவ்வந்தி முன்னால் எக்கினாள். வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் எதையோ மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தது மிருதுளாவுக்குத் தெரியும்.

“அம்மா, இந்தக் கார்ல நான் எத்தனாவது?”

பொய் சொல்லலாம். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மிருதுளா கண்ணாடியில் இரண்டு பேரையும் பார்த்தாள்.

“ரெண்டாவது கண்ணு.”

செவ்வந்தி சாய்ந்து உட்கார்ந்து பெல்ட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

“அப்ப நீ மெதுவாப் போம்மா” என்றாள்.